ஒரு சக்கரம் சுற்றினால் மறு சக்கரம் என்ன செய்கிறது? – பழைய எம்எக்ஸ்-5 டிஃபரன்ஷியல் பற்றி வாசகர் கேள்விகள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-இல் வந்தது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை. இன்றும் வீட்டு கராஜில் கழற்றிப் பூட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதற்கே முதலிடம். வளைவில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துவது லிமிட்டட் ஸ்லிப் வகை. இந்தக் காரின் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இனி சுருக்கமாக எல்எஸ்டி என்று சொல்வோம்.

கேள்வி: 1991 மாடல், 1.6 லிட்டர், கை கியர் கார் வாங்கியிருக்கிறேன். விற்றவர் எல்எஸ்டி இருக்கிறது என்றார். டிஃபரன்ஷியலைப் பிரிக்காமல் உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு, பத்து நிமிட வேலைதான். விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கார்களில் முப்பது வருடத்தில் டிஃபரன்ஷியல் கைமாறியிருக்கும். வாங்கியபோது கேள்விப்பட்டதையே அவரும் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். இரண்டு பின்சக்கரமும் தரையைத் தொடக்கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலையில், ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால், எல்எஸ்டி இல்லாத சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் ஏதோ ஒரு வகை எல்எஸ்டி உள்ளே இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு. 1.6 லிட்டர் கார்களில் கம்பெனி போட்ட எல்எஸ்டி விஸ்கஸ் வகை. மூடிய கூட்டுக்குள் மெல்லிய தட்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே சிலிக்கோன் திரவம் இருக்கும். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது திரவம் தட்டுகளைப் பிடித்து இழுக்கும். வேக வித்தியாசம் கூடக்கூட பிடியும் கூடும். வருடங்கள் ஓட ஓட அந்தத் திரவத்தின் பிடி தளரும். தளர்ந்த விஸ்கஸ் டிஃப், மெதுவாகச் சுற்றினால் ஓப்பன் போலவே எதிர்த்திசை காட்டும்.

அதனால் இரண்டாவது சோதனையும் செய்யுங்கள். காரை முதல் கியரில் போடுங்கள், இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இப்போது நகராது. ஒரு சக்கரத்தை முதலில் மிக மெதுவாகச் சுற்றுங்கள், பிறகு வேகமாகச் சுற்ற முயலுங்கள். ஓப்பன் என்றால் இரண்டு விதத்திலும் ஒரே லேசு. விஸ்கஸ் உயிரோடு இருந்தால் மெதுவாகச் சுற்றுவதற்கு வழிவிடும், வேகமாகச் சுற்றினால் தேனில் கரண்டி விட்டது போலக் கை கனக்கும். டோர்சன் வகை (பல்சக்கர உராய்வால் பிடிப்பது, கீழே விளக்கியிருக்கிறோம்) என்றால் வேகத்துக்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்காது. சுற்றும், ஆனால் எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பின்னாளில் யாராவது போட்ட, உராய்வுத் தட்டுகளால் பிடிக்கும் கிளட்ச் பிளேட் வகை என்றால் கையால் சுற்றவே வராது, நீளமான ஸ்பேனர் கேட்கும்.

அப்படியே ரேஷியோவையும், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும், எண்ணிவிடுங்கள். சக்கரத்திலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எல்எஸ்டி என்றால் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பத்து முறை சுற்றுங்கள். ஓப்பன் என்றால் ஒரு சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்தை இருபது முறை சுற்ற வேண்டும். ஷாஃப்ட் 43 முறை சுற்றினால் 4.3, 41 முறை என்றால் 4.1, ஏறத்தாழ 39 என்றால் 3.9. ஒரே ஒரு சுற்றை வைத்து 4.1-ஐயும் 4.3-ஐயும் பிரித்தறிய முடியாது. பலர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: எந்த வருடக் காரில் எந்த டிஃப் வந்தது?

அமெரிக்கச் சந்தையின் கை கியர் கார்களை வைத்துச் சொல்கிறோம். 1990 முதல் 1993 வரை 1.6 லிட்டர் கார்களில் கிரவுன் வீல் (டிஃபுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், ரேஷியோ 4.3, ஓப்பன் அல்லது விஸ்கஸ். 1994-இல் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது கிரவுன் வீல் 7 அங்குலமானது, ரேஷியோ 4.1, ஓப்பன் அல்லது டோர்சன். 1994, 95-இல் டோர்சன் டைப் 1, 1996-இலிருந்து டைப் 2. இரண்டாம் தலைமுறையில் ஐந்து கியர் கார்களுக்கு 4.3, பெரும்பாலான ஆறு கியர் கார்களுக்கு 3.9. அந்தத் தலைமுறையின் பிற்காலக் கார்கள் சிலவற்றில் டோர்சனுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உராய்வு கொண்ட ஃபுஜி டிஃப் இருக்கிறது. 'எல்எஸ்டி' என்ற ஒரே சொல்லை நம்பி டோர்சனுக்கான விலை கொடுத்துவிடாதீர்கள்.

ஜப்பான், ஐரோப்பியக் கார்களில் ரேஷியோ மாறும். அங்கே வருடத்தை நம்பாமல் மேலே சொன்னபடி எண்ணிப் பார்ப்பதே சரி.

கேள்வி: டோர்சன் என்பது உண்மையில் எப்படி வேலை செய்கிறது? பிளேட்டே இல்லை என்கிறார்களே?

பிளேட் கட்டு இல்லை. பல்சக்கரங்களின் உராய்வை வைத்தே வேலை நடக்கிறது. டைப் 1-இல் ஆக்சிலோடு சுற்றும் பல்சக்கரம் திருகு வடிவில் இருக்கும். அதைச் சுற்றிக் குறுக்காகச் சின்னப் பல்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். திருகு அந்தச் சின்னப் பல்லைச் சுலபமாகச் சுற்றும், பல் திருகைச் சுற்றுவது கடினம். ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது இந்தக் கடினம்தான் மறு சக்கரத்துக்கு விசையைத் தள்ளுகிறது. டைப் 2-இல் அந்தச் சின்னப் பல்சக்கரங்கள் ஆக்சிலுக்கு இணையாக நிற்கும். முறுக்குவிசையை உணர்வது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர்தான் டோர்சன். இதைக் கண்டுபிடித்தவர் வெர்னான் கிளீஸ்மன். தேய்மானம் குறைவு, தனி எண்ணெய் தேவையில்லை, பிடி வருடத்தோடு தளர்வதில்லை. பழைய காருக்கு நாங்கள் டோர்சனையே பரிந்துரைப்பது இதனால்தான்.

கேள்வி: 1.6 காரில் 1.8-இன் டோர்சன் டிஃப் போட ஆசை. டிஃப் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. இந்த மாற்றத்தில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டும் அதன் தட்டு பிளேஞ்ச். 6 அங்குல டிஃபின் பினியன் பிளேஞ்சும் 7 அங்குல டிஃபின் பிளேஞ்சும் வேறு வேறு, போல்ட் துளைகள் ஒத்துப்போகாது. ஆகவே 1.8-இன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வேண்டும். டிஃபிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் 1.6-இன் பக்க ஷாஃப்டுகளும் 7 அங்குல டிஃபில் சேராது, அவையும் 1.8-இலிருந்தே வர வேண்டும். வெளிமுனையில் கவலையில்லை. 1.8 ஷாஃப்டின் பற்கள் உங்கள் 1.6 ஹப்பில், அதாவது சக்கரம் பூட்டும் மையத்தில், அப்படியே இறங்கும். கியர்பாக்ஸையும் டிஃபையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தை, பிபிஎஃப் என்பார்கள், உங்களுடையதையே பயன்படுத்தலாம்.

எனவே கேட்க வேண்டியது இப்படி: டிஃப், இரண்டு பக்க ஷாஃப்ட், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், நான்கும் ஒரே கை கியர் காரிலிருந்து. தனித்தனியாகச் சேகரித்தால் விலை குறைவது போலத் தெரியும். உள்முனை இணைப்பு ஒன்றுக்கொன்று சேராமல் போனால் மறுபடி வாங்கி இரட்டைச் செலவாகும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் ஷாஃப்டில் சென்சார் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய டிஃபை வாங்கும் இடத்திலேயே சோதியுங்கள். பக்க ஷாஃப்டுகள் கழற்றியிருந்தால் அந்தத் துளை வழியே டார்ச் அடியுங்கள். ஓப்பன் டிஃபில் நடுவே குறுக்காக ஒரு தண்டு மறிக்கும். டோர்சனில் அந்தத் தண்டு கிடையாது, மறுபக்கத் துளை வரை வெளிச்சம் போகும். பினியன் பிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டுங்கள். துளியும் ஆடக்கூடாது. ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது, அந்த டிஃப் வேண்டாம். எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு, நகத்தில் நெருடும் துகள் இயல்பல்ல.

புதிதாக வாங்க வேண்டியவை: இரண்டு பக்க ஆயில் சீல், பினியன் சீல், ட்ரெயின் மற்றும் ஃபில் பிளக் வாஷர்கள், ஷாஃப்ட் உள்முனையின் வட்டக் கிளிப்புகள், இரண்டு ஹப் நட், ஒன்றேகால் லிட்டர் எண்ணெய். டிஃப் தொங்கும் இரண்டு ரப்பர் புஷ்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், பின்னால் மாற்ற இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: கழற்றி மாட்டும் வரிசையைச் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லை, தரையில்தான் வேலை.

கார் சக்கரத்தில் நிற்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்துங்கள். நட்டின் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். அதை உளியால் முழுதாக நிமிர்த்தாமல் சுற்றினால் மரை கிழியும். 29 மி.மீ. சாக்கெட், நீளமான குழாய், ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் இன்னொருவர் பிரேக் மிதித்துக்கொள்ள வேண்டும். பிறகு நான்கு ஸ்டாண்டில் காரைச் சமமாகத் தூக்குங்கள். சமமாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் படுத்து வேலை செய்யவும் இடம் போதாது, கியர்பாக்ஸ் வால் கோணமும் கெடும்.

எண்ணெய் வடிப்பதற்கு முன் மேலே உள்ள ஃபில் பிளக் கழலுகிறதா என்று பாருங்கள். புது டிஃபிலும் அதைத் தரையிலேயே ஒருமுறை தளர்த்தி வையுங்கள். காரில் ஏற்றிய பிறகு அது கழல மறுத்தால் எண்ணெய் ஊற்ற வழியே இருக்காது.

அடுத்து எக்ஸாஸ்டின் நடு, பின் குழாய்களை இறக்குங்கள். ரப்பர் தொங்கல்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி வரும். இப்போது முழு வேலையும் நம்பியிருக்கும் பகுதி பிபிஎஃப். இந்தக் காரில் கியர்பாக்ஸுக்குத் தனியாகக் குறுக்குச் சட்டம் கிடையாது. வாலைத் தாங்குவது பிபிஎஃப் மட்டுமே. அதனால் கழற்றும் முன் இரண்டு காரியம். ஒன்று, கியர்பாக்ஸ் வாலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கியைக் கொடுங்கள். இரண்டு, அடிச்சட்டத்தின் இரு பக்கத்துக்கும் குறுக்கே நேரான கம்பி ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து பிபிஎஃப்-இன் அடிவிளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது இந்த அளவு வர வேண்டும். வராவிட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கியர் லீவர் அதிரும். அந்த அதிர்வுக்கு டிஃப் காரணம் என்று நினைத்து மறுபடி கழற்றியவர்கள் நிறையப் பேர்.

பிபிஎஃப் டிஃபோடு சேரும் இடத்தில் இரண்டு நீள போல்ட். முன் போல்ட்டைச் சுற்றி ஒரு உலோகக் குழல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். போல்ட் வந்தாலும் சட்டம் வராமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். குழலின் உள்ளேயே மரை இருக்கிறது. 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை உள்ள போல்ட்டை அடியிலிருந்து திருகி, முறுக்கி ஆட்டினால் குழல் இறங்கி வரும். சுத்தியலால் சட்டத்தைத் தட்ட வேண்டாம், அலுமினியம் விரிசல் விடும். சட்டத்தின் ஓரமாகப் போகும் வயரிங் கிளிப்புகளையும் விடுவியுங்கள்.

கியர்பாக்ஸ் வாலை அளவுக்கு மீறித் தாழ்த்தாதீர்கள். 1.6 இன்ஜினில் கேம் ஆங்கிள் சென்சார் தலையின் பின்புறம், தடுப்புத் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வால் இறங்கினால் இன்ஜின் பின்னால் சாய்ந்து அந்தச் சென்சார் நசுங்கும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நான்கு நட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் உருவுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகும். பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். வடிந்த அளவை வேலை முடிந்ததும் நிரப்ப மறக்காதீர்கள்.

பக்க ஷாஃப்ட் வெளியே வர ஹப்பைச் சாய்க்க வேண்டும். மேல் கையின் வெளி போல்ட்டை மட்டும் கழற்றினால் ஹப் வெளிப்புறமாகச் சாயும். கீழே உள்ள நீள போல்ட்டைத் தொடாதீர்கள். சாலையில் உப்புப் போடும் ஊர்களில் ஓடிய காரில் அது புஷ்ஷோடு துருவேறி ஒன்றாகிவிட்டிருக்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். சக்கர அலைன்மென்ட்டைத் தீர்மானிக்கும் போல்ட்டுகள் கீழ்க் கையின் உள்முனையில் இருக்கின்றன. அவற்றைத் தொடாதவரை அலைன்மென்ட் மாறாது. பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. ஷாஃப்ட் ஹப்பில் சிக்கினால் பழைய நட்டை நுனி வரை திருகிவிட்டுப் பித்தளைச் சுத்தியலால் தட்டுங்கள்.

பிறகு டிஃபுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு புஷ் நட்டுகளையும் கழற்றி இறக்குங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஜாக்கியின் மேல் டிஃப் நிலையாக நிற்காது, சட்டென்று உருளும். ஒருவர் கையால் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

மாட்டுவது இதன் தலைகீழ் வரிசை. சீல் உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்டை நேராகப் பிடித்து உள்ளே செலுத்துங்கள். பற்களின் கூர்மையான விளிம்பு புது சீலை ஒரே உரசலில் கிழித்துவிடும். கிளிப் உட்கார்ந்ததா என்று இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிபிஎஃப் போல்ட்டுகளுக்கு 104 முதல் 123 நியூட்டன் மீட்டர், ஹப் நட்டுக்கு 216 முதல் 294, டிஃப் பிளக்குகளுக்கு 40 முதல் 54. மேல் கை போல்ட்டின் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு முழு வார இறுதி தேவைப்படும்.

கேள்வி: எந்த எண்ணெய், எவ்வளவு? எல்எஸ்டிக்கு என்று தனிச் சேர்மானம் வேண்டுமா?

ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 அல்லது 90. 6 அங்குல டிஃபுக்கு 0.65 லிட்டர், 7 அங்குலத்துக்கு 1 லிட்டர். மாற்றிய பிறகு பழைய கையேட்டைப் பார்த்து 0.65 லிட்டரோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, பினியன் பேரிங் பாதிக்கப்படும். ஃபில் துளையின் அடிவிளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள். கார் சமமாக நிற்கும்போதுதான் இந்த அளவு சரி.

டோர்சனுக்கும் விஸ்கஸுக்கும் உராய்வு குறைக்கும் சேர்மானம் வேண்டாம். டோர்சன் உராய்வை நம்பித்தானே வேலை செய்கிறது! கிளட்ச் பிளேட் வகைக்கு அதைத் தயாரித்தவர் சொல்லும் எண்ணெயே வேண்டும். புது டிஃபில் 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை எண்ணெய் மாற்றினால் உள்ளே கிடந்த பழைய துகள் வெளியேறும்.

கேள்வி: 4.1 டோர்சன் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. டிஃபில் கோளாறா?

கோளாறு இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வாலிலிருந்து போகிறது. டிஃப் ரேஷியோ 4.3-இலிருந்து 4.1 ஆனதும், அதே சாலை வேகத்துக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றுகிறது. நீங்கள் 100-இல் போகும்போது முள் 95-ஐ ஒட்டி நிற்கும். வேகக் கட்டுப்பாடு உள்ள சாலையில் இது அபராதத்தில் கொண்டுபோய் விடும், கி.மீ. கணக்கும் குறையும். தீர்வு எளிது. கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். 4.3-க்கு 21 பல், 4.1-க்கு 20 பல். ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

இந்த மாற்றத்தால் நெடுஞ்சாலையில் சின்ன நன்மையும் உண்டு. 185/60-14 டயரோடு ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கி.மீ. போக, 4.3-இல் இன்ஜின் சுமார் 3,200 சுற்று சுற்றும். 4.1-இல் அது 3,050 ஆகும். அதே அளவு இழுவை குறையும். 1.6 இன்ஜினில் அது தெரியும். இழுவைதான் முக்கியம் என்றால் இரண்டாம் தலைமுறையின் ஐந்து கியர் காரிலிருந்து 4.3 டோர்சன் செட் தேடுங்கள். ஸ்பீடோமீட்டர் தொல்லையும் இராது.

கேள்வி: என்னிடம் 4.3 ஓப்பன், 4.1 டோர்சன், இரண்டும் 7 அங்குலம். டோர்சனின் உட்பகுதியை மட்டும் 4.3 கூட்டுக்குள் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் வீட்டுத் தரையில் அல்ல. கிரவுன் வீலைக் கழற்றி டோர்சன் கூட்டில் பூட்டியதும், கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பிளே, அதாவது பல் இடைவெளி, மாறிவிடும். மாஸ்டா கேட்பது 0.09 முதல் 0.11 மி.மீ. வரை. டயல் கேஜ் இல்லாமல் இதை அளக்கவே முடியாது. பக்க பேரிங் அட்ஜஸ்டர்களைத் திருப்பி பிளேயையும் பேரிங் அழுத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். பிறகு பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டினாலே கெட்டது. கிரவுன் வீலும் பினியனும் பிறந்ததிலிருந்து ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. பழைய கார் கியர் வேலை தெரிந்த பட்டறையிடம் இரண்டு டிஃபையும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு ஒரு ஊளைச் சத்தம். வேறு நேரங்களில் 'டொக்' என்ற சத்தமும்.

ஊளை எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் மறைந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், கிரவுன் வீல்–பினியன் தடம் சரியில்லை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் மட்டும் கூடினால் முதலில் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். எது எப்படியானாலும் முதலில் எண்ணெய் அளவைப் பார்த்துவிடுங்கள்.

'டொக்' சத்தம் பெரும்பாலும் டிஃபுக்குள்ளிருந்து வருவதில்லை. கிளட்ச் விடும்போது ஒரே அடியாக வந்தால் டிஃப் புஷ் அல்லது பிபிஎஃப் போல்ட். மிதித்து விடும்போது கூர்மையான 'டிக்' என்றால் ஹப் நட் போதிய இறுக்கத்தில் இல்லை, ஷாஃப்டின் பற்கள் ஹப்புக்குள் நகர்கின்றன. இதை விட்டுவைக்காதீர்கள், ஹப் பற்கள் தேய்ந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும்.

கேள்வி: டோர்சன் போட்டும், பனியில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியபோது அது மட்டுமே சுற்றியது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டோர்சன், பிடி குறைந்த சக்கரத்துக்குக் கிடைக்கும் விசையின் சில மடங்கை மறு சக்கரத்துக்குத் தரும். தொங்கும் சக்கரத்தில் விசை ஏறத்தாழ பூஜ்யம், பூஜ்யத்தின் மடங்கும் பூஜ்யம்தான். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பிரேக்கின் தடை அந்தச் சக்கரத்துக்குப் பொய்யான பிடி தரும், மறு சக்கரம் தள்ளும். வெளியே வந்ததும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மஹிந்திரா தாரில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியலும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஈட்டன் நிறுவனத்தின் வடிவமைப்பு. பின்சக்கரங்களுக்கு இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும், உள்ளே உள்ள எடைகள் விரிந்து டிஃபை முழுதாகப் பூட்டிவிடும். அதுவரை அது ஓப்பன். ஓரளவு வேகத்துக்கு மேல் பூட்டாது. சேற்றிலிருந்து வெளியேற அருமையானது. வளைவில் வேகமாகப் போகும்போது சக்கரங்களுக்கு இடையே விசையைத் தொடர்ந்து பங்கிடும் வேலை அதற்குரியது அல்ல.

கேள்வி: மாதம் ஒருமுறை டிராக்கில் ஓட்டுகிறேன். டோர்சனை எடுத்துவிட்டுக் கிளட்ச் பிளேட் வகை போடலாமா?

டிராக் ஓரத்துக் கெர்பில் ஏறி உள்சக்கரம் தூக்கும் அளவுக்கு ஓட்டுகிறீர்கள் என்றால் போடலாம். சக்கரம் காற்றில் இருந்தாலும் பிளேட்டின் முன்னழுத்தம் பிடித்துக்கொள்ளும். மிதிக்கும்போது மட்டும் பூட்டுவது ஒன்-வே, மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு பூட்டுவது டூ-வே, விடும்போது பாதியளவு பூட்டுவது ஒன்றரை. டிராக்குக்கும் சாலைக்கும் ஒரே காரை ஓட்டுபவருக்கு ஒன்றரை பொருந்தும். டூ-வே, பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது முன்பக்கத்தை வெளியே தள்ளும்.

விலையோடு பராமரிப்பும் சேரும். பிளேட் தேயும், சில காலத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். எண்ணெயை டோர்சனை விட அடிக்கடி மாற்ற வேண்டும். குறுகிய இடத்தில் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வரும், அது இயல்பு. புதிதாகப் போட்டதும் காலியான மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாக இரு பக்கமும் சுற்றிப் பிளேட்டைப் பதப்படுத்தி, அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகே டிராக்குக்குப் போங்கள்.